குற்றம் 23: ரகசியத்தை வைத்துப் பிழைக்கும் குற்றம்

அறிவழகன் இயக்கத்தில் அருண் விஜய் நடித்து 2017 மார்ச் மாதம் வெளிவந்த ‘குற்றம் 23’, மருத்துவத் துறையின் குற்றங்களைப் பற்றித் தமிழில் வந்த பரபரப்புப் படங்களுள் வேறு வழியில் நடந்த படம். நம் திரைப்படங்களில் மருத்துவமனைக் குற்றம் என்றாலே பெரும்பாலும் சிறுநீரகத் திருட்டுதான். மயக்க ஊசி, ஐஸ் பெட்டி, அவசரமாகக் கிளம்பும் வாகனம் என்று அந்தக் கதை எப்படிப் போகும் என்பது டிக்கெட் எடுக்கும்போதே தெரிந்துவிடும். இந்தப் படத்தில் உடலிலிருந்து எதுவும் திருடப்படுவதில்லை. குழந்தைக்காகச் சிகிச்சைக்கு வரும் பெண்ணின் கருவறைக்குள் எது வைக்கப்பட்டது, அதை வைத்தவர்களுக்கு மட்டும் தெரிந்த உண்மையைக் கொண்டு அவளை என்னவெல்லாம் செய்ய முடியும் என்பதுதான் இதன் கதை. படம் வந்து இத்தனை ஆண்டுகள் கழித்து இதைப் பற்றி எழுதத் தோன்றியதற்கு, எங்கள் ஊர் வாசகசாலையில் அண்மையில் நடந்த திரையிடலும் அதன் பின்னால் இரவு வரை நீண்ட பேச்சுமே காரணம்.

கதை சென்னையில் நடக்கிறது. ஒரு தேவாலயத்தில் பாதிரியார் கொல்லப்படுகிறார். அங்கே பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது தன் பாவங்களைக் குருவானவரிடம் ரகசியமாகச் சொல்லி மன்னிப்புக் கேட்க, வந்த இளம்பெண்ணும் அந்தக் குற்றத்துக்குப் பலியாகிறாள். வழக்கு உதவி ஆணையர் வெற்றிமாறனிடம் வருகிறது. சம்பவ நேரத்தில் அங்கே இருந்த தென்றல் என்ற பெண் சாட்சியாகிறாள். சாட்சியைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். காவல் அதிகாரிக்கும் அவளுக்கும் காதல் வருகிறது. இதற்கு நடுவே கர்ப்பிணிப் பெண்கள் அடுத்தடுத்து இறக்கிறார்கள். அந்த இறப்புகள் வெற்றிமாறனின் சொந்த வீட்டு வாசலையும் மிதிக்கும்போதுதான், இவை அனைத்தும் கருத்தரிப்புச் சிகிச்சை என்ற ஒரே நூலில் கோக்கப்பட்டவை என்பது தெளிவாகிறது. இதற்கு மேல் யார் செய்தார், எதற்காகச் செய்தார் என்பதை நான் சொல்லப்போவதில்லை. சிகிச்சையோடு தொடர்புடைய கதை என்பது படம் வந்த நாளிலிருந்தே எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்பதால், அந்த அளவோடு நிறுத்திக்கொண்டு பேசுவதில் தவறில்லை என்று கருதுகிறேன்.

கொலை நடக்கும் இடமாகத் தேவாலயத்தைத் தேர்ந்தெடுத்ததைப் பல ஊர்களில் வெறும் திகிலூட்டும் பின்னணியாகப் பார்த்திருப்பார்கள். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் அப்படிப் பார்க்க முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இங்கே ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். கடற்கரையிலும் மேற்குத் தாலுகாக்களிலும் தெருவோரச் சிலுவைக் கூடமான குருசடியோ தேவாலயமோ இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதைக் குருவானவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக் கூடாது என்பதும், சொன்னால் அந்தக் கணமே அவர் சபை விலக்குக்கு உள்ளாகிறார் என்பதும் இங்கே ஞானோபதேச வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆகவே, கணவனிடமும் மாமியாரிடமும் சொல்ல முடியாத ஒன்றைச் சுமந்துகொண்டு ஒரு பெண் அந்த மரச்சட்டத்தின் முன் முழந்தாளிடுவதன் பொருள் எங்களுக்கு விளக்கப்பட வேண்டியதில்லை. அவள் தன் ரகசியத்தை முதலில் ஒப்படைத்த இடம் மருத்துவரின் அறை. அது கசிந்த பிறகு அவள் தேடிப்போகும் இடம் கசியவே கசியாது என்று அவள் நம்பும் இன்னொரு அறை. அங்கேயும் அவளைத் துரத்திவந்து, கேட்ட காதையும் சேர்த்து அழிக்கிறார்கள். இந்தப் படத்தின் குற்றம் என்ன வகையானது என்பதைத் தொடக்க நிகழ்ச்சியே முழுதாகச் சொல்லிவிடுகிறது. அறிவழகன் இதை எவ்வளவு தெரிந்து செய்தார் என்பது வேறு. படத்தில் அது இருக்கிறது.

படத்தின் உயிர் துப்பறிதலில் இருப்பதாகப் பலர் சொல்வார்கள். எனக்கு அது வெற்றிமாறனின் அண்ணி பாத்திரத்தில் இருக்கிறது. அதை ஏற்று நடித்திருப்பவர் அபிநயா. பிறவியிலேயே கேட்கவும் பேசவும் இயலாத இந்த நடிகை, வசனம் பேசும் ஒரு குடும்பப் பெண்ணாக இந்தப் படத்தில் வருகிறார் என்பதை அறியாமல் பார்ப்பவர்களுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. அறிந்து பார்ப்பவர்களுக்கு அவர் கண்களால் எவ்வளவு வேலை செய்கிறார் என்பது தெரியும். குழந்தையில்லாத மருமகளாக உறவினர் நடுவில் நிற்கும்போது அவர் முகத்தில் வரும் சிரிப்பு, பதில் சொல்ல முடியாத கேள்வியை மரியாதையாகக் கடந்துவிடுவதற்காகப் பெண்கள் பழக்கி வைத்திருக்கும் சிரிப்பு.

அந்தச் சிரிப்பை எங்கள் மாவட்டத்துக் கல்யாண மண்டபங்களில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்க்கலாம். பந்தியில் இலை போட்டு, பருப்பும் சாம்பாரும் முடிந்து அடைப்பிரதமன் என்ற பாயசம் விளம்பும் நேரம் வரும்போது, எதிர்வரிசையிலிருந்து ஒரு சித்தியோ மாமியோ குனிந்து, “என்ன மக்களே, விசேஷம் ஒண்ணும் இல்லியா?” என்று கேட்பார். கேட்பவர் அன்பாகத்தான் கேட்கிறார். கேட்கப்பட்டவளுக்குப் பிரதமனில் பழம் பிசைந்துகொண்டிருந்த கை நின்றுவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவனிடம் இந்தக் கேள்வி போகவே போகாது. தம்பதியருக்குக் குழந்தை பிறக்காமைக்கு ஏறத்தாழப் பாதி பேரில் ஆணிடமும் காரணம் இருக்கிறது என்று மருத்துவம் எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. அது எந்தப் பந்திக்கும் வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை. அபிநயாவின் பாத்திரம் சந்திக்கும் அவமானத்தைப் படம் கொஞ்சம் நாடகத்தன்மையோடுதான் காட்டுகிறது. ஆனால் பொய்யாகக் காட்டவில்லை.

மிரட்டலுக்கு விளைநிலம் இந்த அவமானம்தான். சிகிச்சை எடுப்பதே வெளியே தெரியக் கூடாது என்று நினைக்கும் குடும்பத்தில், அந்தச் சிகிச்சையில் என்ன நடந்தது என்பதை வெளியே சொல்லிவிடுவேன் என்பதைவிடக் கூர்மையான கத்தி வேண்டியதில்லை. எங்கள் பக்கத்துத் தம்பதியர் இந்த ரகசியத்தைக் காக்க எடுக்கும் முயற்சிகள் தனிக் கதை. முதல் ஓரிரு ஆண்டுகள் நாகராஜா கோயிலில் பால் ஊற்றுவார்கள், அல்லது வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை வைப்பார்கள். இரண்டையும் செய்கிறவர்களும் உண்டு, சாமிகள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பிறகு விளவங்கோடு பக்கத்தில் பேர்பெற்ற வைத்தியசாலை ஒன்றில் லேகியமும் கஷாயமும் நடக்கும். அதற்குப் பிறகுதான் ஆங்கில மருத்துவம். நாகர்கோவிலில் காட்டினால் காத்திருக்கும் இடத்தில் யாராவது தெரிந்தவர் வந்து உட்கார்ந்துவிடுவார் என்று பயந்து, களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்குப் போகிறவர்களை நான் அறிவேன். கேட்டால் ‘ஒரு கல்யாண வீட்டுக்கு’ என்பார்கள். ஊசி போட்ட மறுநாளே அலுவலகத்துக்கும் வந்துவிடுவார்கள். ரகசியத்துக்காக இத்தனை பாடுபட்ட ஒருவரிடம் முகம் தெரியாத குரல் ஒன்று அலைபேசியில் வந்து அந்த ரகசியத்தின் விலையைச் சொன்னால், காவல் நிலையத்துக்குப் போவார் என்று எதிர்பார்க்க முடியுமா? படத்தில் வரும் பெண்கள் ஏன் யாரிடமும் சொல்லாமல் இருந்தார்கள் என்பதைத் தர்க்கப் பிழையாகச் சுட்டிய நண்பர்கள் உண்டு. எனக்கு அது படத்திலேயே மிக உண்மையான இடமாகப்படுகிறது.

திரையிடலுக்கு வந்திருந்தவர்களில் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பியும் இருந்தான். படம் முடிந்ததும் அவனைத்தான் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள், “இதெல்லாம் நடக்குமாடே?” என்பதுதான் கேள்வி. அவன் நிதானமாக விளக்கியதை இங்கே எழுதுவது படத்தை மதிப்பிட உதவும். கொடையாளரிடமிருந்து பெற்ற விந்தணு உடனே பயன்படுத்தப்படுவதில்லை. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ்கள், சிபிலிஸ் ஆகியவற்றுக்கான சோதனை முடித்து, மெல்லிய குழல்களில் அடைத்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் உறைய வைக்கிறார்கள். எச்.ஐ.வி. கிருமி உடலில் புகுந்த தொடக்க நாள்களில் சோதனையில் அகப்படாமல் போகலாம் என்பதால், ஆறு மாதம் கழித்துக் கொடையாளரை மீண்டும் சோதித்த பிறகே அந்தக் குழல் வெளியே வரும். ஒவ்வொரு குழலிலும் இருப்பது ஒரு குறியீட்டு எண் மட்டும்தான், பெயர் இருக்காது. அந்த எண்ணையும் தம்பதியரின் ஆவணத்தையும் பொருத்திப் பார்க்கும்போது ஒருவர் செய்ய இன்னொருவர் சாட்சியாக நின்று கையெழுத்திட வேண்டும் என்பது நல்ல ஆய்வகங்களின் நடைமுறை. அவன் சொன்னதன் சாரம் இதுதான்: உள்ளே இருக்கும் திரவத்தைக் கண்ணால் பார்த்து இது யாருடையது என்று மருத்துவராலும் சொல்ல முடியாது. நுண்ணோக்கியில் வைத்தாலும் எண்ணிக்கையும் ஓட்டமும் தெரியுமே தவிர ஆள் தெரியாது. ஆகவே முழு நம்பிக்கையும் அந்தச் சிறு ஒட்டுச்சீட்டின் மேல்தான் நிற்கிறது. சீட்டைக் கையாளும் ஆள் நேர்மையற்றவனாக இருந்து, சாட்சிக் கையெழுத்து வெறும் சடங்காகப் போனால், மாற்றிவைப்பதற்குச் சில நொடிகள் போதும். மாற்றியதைக் கண்டுபிடிக்கக் குழந்தை பிறந்து மரபணுச் சோதனை செய்ய வேண்டும்.

படத்தின் தலைப்பிலுள்ள 23 என்ற எண் இந்த இடத்தில்தான் பொருள்கொள்கிறது. விந்தணுவில் 23 குரோமோசோம்கள், முட்டையில் 23. இரண்டும் சேர்ந்துதான் 46. அந்த முதல் 23 யாருடையது என்ற ஒற்றைக் கேள்வியைச் சுற்றியே கதை பின்னப்பட்டிருக்கிறது.

இது கற்பனையின் எல்லையைத் தாண்டிய கதை என்று தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் செசில் ஜேக்கப்சன் என்ற கருத்தரிப்பு மருத்துவர், முகமறியாத கொடையாளரின் விந்தணு என்று சொல்லித் தன்னுடையதையே நோயாளிகளுக்குப் பயன்படுத்திய வழக்கில் 1992-ஆம் ஆண்டு தண்டிக்கப்பட்டார். இண்டியானா மாநிலத்தில் டொனால்ட் கிளைன் என்ற மருத்துவர் பல பத்தாண்டுகளுக்கு முன் செய்த இதே வேலை, வளர்ந்துவிட்ட பிள்ளைகள் ஆர்வத்தில் வீட்டிலிருந்தே செய்துகொண்ட மரபணுச் சோதனைகளால் வெளிவந்தது. இந்த இரு வழக்குகளிலும் சட்டம் திணறியது என்பது குறிப்பிடத்தக்கது: செய்த காரியத்துக்கென்று நேரான குற்றப்பிரிவு இல்லாமல், ஏமாற்று, விசாரணைக்குத் தடை என்று சுற்றிவளைத்துத்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

நம் நாட்டிலும் 2017-இல் அதே நிலைதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2005-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இருந்தன. மீறினால் சிறை என்று சொல்லும் சட்டம் இல்லை. இனப்பெருக்கத் தொழில்நுட்பங்களை முறைப்படுத்தும் மத்தியச் சட்டம் 2021 டிசம்பரில் நிறைவேறி 2022 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதன்படி கருத்தரிப்பு மையமும் விந்தணு வங்கியும் தனித்தனியாகப் பதிவுபெற வேண்டும். ஒரு கொடையாளரின் விந்தணுவை ஒரு தம்பதிக்கு மேல் வழங்கக் கூடாது. கொடையாளரின் வயது 21 முதல் 55-க்குள் இருக்க வேண்டும். அவ்வாறு பிறக்கும் குழந்தை சட்டத்தின் கண்ணில் அந்தத் தம்பதியரின் சொந்தக் குழந்தையே, கொடையாளருக்கு அதன்மேல் எந்த உரிமையும் கிடையாது. இன்று இந்தப் படத்தை எடுப்பவர் திரைக்கதையில் சில முடிச்சுகளை வேறு விதமாகப் போட வேண்டியிருக்கும். ஆனாலும் அந்தச் சட்டத்திலேயே பட்டியலிடப்பட்ட பெரும் குற்றங்களுக்கு முதல் முறை அபராதம் மட்டும்தான், 5 முதல் 10 லட்சம் ரூபாய். திரும்பவும் செய்தால்தான் 3 முதல் 8 ஆண்டு வரை சிறை. இதை வாசகசாலையில் சொன்னபோது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், “அப்போ முத தடவ ஃப்ரீயா?” என்று கேட்டார். பத்து லட்சம் ரூபாயை ஃப்ரீ என்று சொல்ல முடியாதுதான். ஆனால் அந்தத் தொழிலில் புரளும் பணத்தை வைத்துப் பார்த்தால் அவர் கேட்டது முற்றிலும் தவறும் இல்லை.

துப்பறியும் பகுதியைப் பொறுத்தவரை, முதல் பாதியில் திரைக்கதை நேர்த்தியாக நடக்கிறது. ஒரு தடயம் கிடைத்து, அது பொய்யாகி, அந்தப் பொய்யிலிருந்தே அடுத்தது கிடைக்கும் அடுக்குமுறையை அறிவழகன் தன் முதல் படமான ‘ஈரம்’ காலத்திலிருந்தே நன்றாகக் கையாளத் தெரிந்தவர். நான் இன்னும் அதிகம் பார்க்க விரும்பிய ஓர் இடம் உண்டு. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டால் அல்லது சந்தேகத்துக்குரிய முறையில் இறந்தால், உடற்கூறாய்வோடு கோட்டாட்சியர் விசாரணையும் நடக்க வேண்டும் என்பது நெடுநாளாக உள்ள விதி. எங்கள் மாவட்டத்தில் அந்த விசாரணை நாகர்கோவிலிலோ பத்மநாபபுரத்திலோ நடக்கும். அங்கே பெற்றோரிடம் கேட்கப்படும் முதன்மையான கேள்வி, வரதட்சணை எவ்வளவு கொடுத்தீர்கள், மீதி கேட்டுத் துன்புறுத்தினார்களா என்பதுதான். நூறு பவுனும் காரும் சாதாரணமாகப் பேசப்படும் இந்த மண்ணில் அது நியாயமான கேள்வியும்கூட. ஆனால் இறந்தவள் என்ன சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தாள், எந்த மருத்துவமனை, கடைசியாக யாரிடம் பேசினாள் என்று கேட்கும் பழக்கம் இல்லை. வெவ்வேறு காவல் நிலையங்களில் வெவ்வேறு கோப்புகளாக மூடப்படும் இறப்புகளுக்கு நடுவே ஒரே மருத்துவமனைச் சீட்டு கிடக்கிறது என்பதை ஒருவர் கவனிக்கும் தருணம், இந்த வகைக் கதையின் மிகப் பெரிய தருணமாக இருந்திருக்க வேண்டும். படம் அதை நாயகனின் கூர்மதிக்கும் சொந்த இழப்புக்கும் கொடுத்துவிடுகிறது. அலுவலகத்தின் தூசிபடிந்த அலமாரிக்குக் கொடுத்திருந்தால் இன்னும் அச்சமூட்டியிருக்கும். (உதவி ஆணையர் என்ற பதவியே எங்களுக்குச் சினிமாவில் மட்டும் பார்க்கக் கிடைப்பது, இங்கே எல்லாம் டி.எஸ்.பி.தான்.)

அருண் விஜய் இந்தப் பாத்திரத்துக்குச் சரியான தேர்வு. ‘என்னை அறிந்தால்’ படத்தின் விக்டருக்குப் பிறகு அவருக்கு ஒரு திருப்பம் வந்தது என்றால், அது நின்று நிலைத்தது இந்தப் படத்தில். உடல் கட்டைக் காட்டுவதற்காகச் சட்டையைக் கழற்றும் காவல் அதிகாரியாக இல்லாமல், கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கத் தெரிந்த அதிகாரியாக வருகிறார். அண்ணியிடம் பேசும் காட்சிகளில் குரல் இறங்குகிறது. அந்த வீட்டில் அவர் இளையவர் என்பது தெரிகிறது. எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா ஒருவர், “மைனிய அவன் பாக்க பார்வையே போதும்” என்றார். அதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. மகிமா நம்பியாரின் தென்றல் சாட்சியாக இருக்கும்வரை பாத்திரம். காதலியான பிறகு பாடல்களுக்குத் தேவைப்படும் ஆள். தம்பி ராமையா நகைச்சுவைக்காக வைக்கப்பட்டிருக்கிறார், சில இடங்களில் சிரிப்பு வருகிறது. விஷால் சந்திரசேகரின் பின்னணி இசை, காட்சி சொல்லாததைச் சொல்ல முந்திக்கொள்ளாத இசை. பாடல்கள் அப்படி அல்ல, அவை வரும்போதெல்லாம் வழக்கு விடுமுறை எடுத்துக்கொள்கிறது. கே.எம். பாஸ்கரனின் ஒளிப்பதிவில் மருத்துவமனையின் குளிர்ந்த வெளிச்சமும் வீட்டின் மஞ்சள் வெளிச்சமும் வேறுபடுத்தப்பட்டிருப்பது கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்கிறது.

குறை இரண்டாம் பாதியில் இருக்கிறது, அது சிறு குறை அன்று. ரகசியத்தை வைத்து மிரட்டும் குற்றம் என்பதைத் தொடக்கத்தில் அவ்வளவு துல்லியமாகப் பிடித்த படம், குற்றவாளியைக் கண்டடைந்ததும் அவருடைய மனக்கோணல் என்ன, அவருக்கு நேர்ந்தது என்ன என்று விளக்கத் தொடங்கிவிடுகிறது. அந்தப் பாத்திரத்தை ஏற்றவர் மிரட்டலாகத்தான் நடித்திருக்கிறார். ஆனால் அவர் பேசப்பேச, இது ஒரு தனிமனிதனின் வக்கிரம், அவனைப் பிடித்து அடித்துவிட்டால் தீர்ந்தது என்ற ஆறுதல் பார்ப்பவருக்குக் கிடைத்துவிடுகிறது. முதல் பாதியில் நம்மைத் துன்புறுத்தியது அவன் அல்லவே. பந்தியில் கேள்வி கேட்ட உறவினரும், கேள்வி தன் பக்கம் வராததை வசதியாக எடுத்துக்கொண்ட கணவனும், ஒட்டுச்சீட்டைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்ட ஊழியரும் இல்லாமல் அவனால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அவர்கள் எல்லாரும் கடைசிச் சண்டை தொடங்கும்போது படத்திலிருந்து சத்தமில்லாமல் வெளியேறிவிடுகிறார்கள். இறந்த பெண்களும் வெளியேறிவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு அதிக வருத்தம். அவர்களில் ஒருத்தியாவது பிழைத்திருந்து, ஒரு காட்சியிலாவது தன் வாயால் பேசியிருந்தால், இறுதிப்பகுதியின் வசனங்களில் பாதி தேவைப்பட்டிருக்காது.

இதற்கு மூலக்கதை ஒரு காரணமாக இருக்கலாம். ராஜேஷ்குமாரின் நாவல் ஒன்றைத் தழுவி எடுக்கப்பட்ட படம் இது. வடசேரி பேருந்து நிலையத்துக் கடைகளில் தொங்கிய பாக்கெட் நாவல்களை வாங்கி, திருநெல்வேலி போய்ச் சேருவதற்குள் முடித்துவிட்ட தலைமுறையைச் சேர்ந்தவன் என்ற முறையில், அந்த எழுத்தின் பலம் எனக்குத் தெரியும்: அறிவியலின் புதிய செய்தி ஒன்றை எடுத்து, அது தீயவன் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று கேட்டு, கடைசி சில பக்கங்களில் எல்லா முடிச்சையும் ஒரே மூச்சில் அவிழ்ப்பது. பேருந்து இருக்கையில் அந்த ஒரே மூச்சு போதும், இறங்கும் இடமும் வந்துவிடும். திரையரங்கில் அதே அவிழ்ப்பு வாய்விட்டுச் சொல்லும் விளக்கமாக மாறும்போது நீளமாகத் தெரிகிறது. எனினும், கோவையில் உட்கார்ந்து அந்த எழுத்தாளர் பத்தாண்டுக் கணக்கில் எழுதிக் குவித்ததிலிருந்து தமிழ் சினிமா இவ்வளவு குறைவாக எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்தால், அறிவழகன் மூலத்தை வெளிப்படையாகச் சொல்லி எடுத்ததைப் பாராட்டத்தான் வேண்டும்.

எங்கள் மாவட்டத்தில் இந்தப் படத்துக்கு எழுந்த ஓர் எதிர்ப்பையும் சொல்ல வேண்டும். இத்தகைய படங்கள் மருத்துவமனைமேல் மக்களுக்கு உள்ள நம்பிக்கையைக் குலைக்கின்றன என்று திரையிடலில் ஒரு செவிலியர் அக்கா கடுமையாகவே பேசினார். அவர் பேச்சை எளிதாக ஒதுக்க முடியாது. நெய்யூரில் 1838-இலேயே மிஷன் மருத்துவம் தொடங்கிய பகுதி இது. 1922-இல் எவரெஸ்ட் ஏறப்போன குழுவில் இருந்த அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், திரும்பும் வழியில் நெய்யூருக்கு வந்து, வரிசையில் நின்ற நோயாளிகளின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு லண்டன் வேலையைத் துறந்து இங்கேயே தங்கிவிட்டவர். குடற்புண்ணுக்கு அவர் செய்த அறுவைகளைப் பற்றி எங்கள் தாத்தாக்கள் பேசியதை நாங்கள் கேட்டு வளர்ந்திருக்கிறோம். வீட்டுக்கு ஒரு செவிலியர் என்று சொல்லும் அளவுக்கு இங்கிருந்து வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் பெண்கள் போயிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் மருத்துவமனையைக் குற்றக் களமாகக் காட்டுவது வலிக்கத்தான் செய்யும். ஆனால் ‘குற்றம் 23’ மருத்துவத்தை இழிவுபடுத்தவில்லை; சிகிச்சையையே பாவமாகக் காட்டும் பிற்போக்கான பேச்சும் அதில் இல்லை. நம்பிக்கை பெரிதாக இருக்கும் இடத்தில்தான் துரோகம் இலாபமாகிறது என்ற அளவில்தான் அது நிற்கிறது. அக்காவுக்கு இந்தப் பதில் முழு நிறைவு தந்ததாகத் தெரியவில்லை.

யார் பார்க்கலாம் என்ற கேள்விக்கு: துப்பறியும் கதைகளை விரும்புகிறவர்கள் பாடல்களைத் தாண்டிவிட்டுத் தயங்காமல் பார்க்கலாம். தற்கொலைக் காட்சிகள் உண்டு என்பதால் சிறு பிள்ளைகளோடு பார்க்க வேண்டாம். அத்தகைய இழப்பை அண்மையில் சந்தித்த வீடுகளிலும் வேண்டாம். குழந்தைக்காகச் சிகிச்சையில் இருப்பவர்கள் பார்க்கலாமா என்று வாசகசாலையில் ஒரு இளம் தம்பதி, எல்லாரும் கிளம்பிய பிறகு அந்த ஆய்வகத் தம்பியிடம் தனியாகக் கேட்டார்கள். பார்ப்பதும் பார்க்காததும் உங்கள் விருப்பம், ஆனால் அடுத்த முறை போகும்போது மையத்தின் பதிவுச் சான்றிதழ் எண்ணையும், கொடையாளர் விந்தணு என்றால் வங்கியின் பதிவு எண்ணையும் எழுதி வாங்குங்கள், நீங்கள் இருவரும் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள், மாதிரியைச் சரிபார்ப்பவர் யார், சாட்சி யார் என்று கேளுங்கள், கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள் என்று அவன் சொல்லி, ஒரு தாளில் எழுதியும் கொடுத்தான். தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டது கணவன்.